துப்பாக்கி இல்லாத வாத்து வேட்டை: நெல்லைக் குளங்களில் ரெண்டு நாள்

நாலு கூட்டாளிகள் சேர்ந்து சனி, ஞாயிறு குளத்துக்கு வாத்து பார்க்கப் போவோம் என்று பேச்செடுத்தால், ஒருவன் கட்டாயம் கேட்பான்: "ஏல, எங்க தாத்தாவோட ரெட்டைக்குழல் துப்பாக்கி வீட்டுல சும்மாதான கெடக்கு, அதையும் எடுத்துக்கிடுவமா?"

இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போவோம். கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வேட்டை உரிமம் கொடுக்கிற வழக்கமே எடுபட்ட பிறகு, நம் குளத்து வாத்தையோ நாரையையோ விளையாட்டுக்குச் சுட வழியில்லை. சரணாலயத்துக்குள் சுட்டால் குறைந்தது 3 வருடம், போனால் 7 வருடம் வரை ஜெயில். சுட வேண்டாம், அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு உள்ளே நுழைந்தாலே குற்றம். கண்ணி வைப்பது, முட்டை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாம் சட்டத்தின் கணக்கில் வேட்டைதான். தாத்தாவின் துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தால் அது வீட்டிலேயே இருக்கட்டும். தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்குகிற அலைச்சல் போதும் அதற்கு.

ஆனால் தாத்தாவை விட்டுவிட வேண்டாம். எந்தக் காற்றுக்கு எந்தக் கரையில் உட்கார வேண்டும், வாத்து எத்தனை மணிக்குக் குளத்துக்குத் திரும்பும், எவ்வளவு அசைந்தால் கூட்டம் கிளம்பிவிடும் என்பதெல்லாம் அந்தக் கால வேட்டைக்காரர்களுக்கு அத்துப்படி. துப்பாக்கி விசையை அழுத்துகிற கடைசி நொடியைத் தள்ளிவிட்டால் மிச்சம் முழுவதும் பறவை பார்க்கிறவனுக்கு வேண்டிய வித்தை. இந்தச் செய்முறை அந்த வித்தையைப் பற்றித்தான். முதல் தடவை போகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: நாளும் குளமும்

வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் குளங்களை நிரப்பும். வலசை வாத்துகளும் அதே சமயத்தில் வந்து இறங்கத் தொடங்கும். ஆனாலும் குளம் நிறைந்து மறுகால் பாய்கிற வாரத்தில் போகாதீர்கள். தண்ணீர் பார்க்க அழகாக இருக்கும், வாத்து குறைவாகவே இருக்கும். பெரும்பாலான வாத்துகள் தலையைக் கவிழ்த்து எட்டுகிற ஆழத்தில்தான் மேயும். தண்ணீர் கொஞ்சம் வற்றி, ஓரத்தில் சேறும் புல்லும் தெரிய ஆரம்பிக்கும் மார்கழிக் கடைசி முதல் மாசி பாதி வரைதான் நல்ல காலம். பிசான நெற்பயிருக்கு மடை திறந்து, குளம் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும் நாட்கள்.

இடம் தேர்ந்தெடுப்பதில் என் பிடிவாதம் ஒன்று உண்டு: ஒரு நாளைக்கு ஒரு குளம். காரை எடுத்துக்கொண்டு ஒரே நாளில் ஆறு குளம் சுற்றி, ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் நின்று பட்டியல் நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் சௌகரியம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதில் ஒன்றும் மனதில் நிற்காது.

சனிக்கிழமைக்கு ஊருக்குள்ளேயே ஒரு குளம் போதும். திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டை ஒட்டிய வேய்ந்தான்குளம், டவுனில் நயினார்குளம் இரண்டுமே பழகிக்கொள்ள நல்லவை. வண்டிச் சத்தத்துக்கு அங்குள்ள பறவைகள் பழகியிருப்பதால் ஆரம்பக்காரர் செய்கிற அசைவையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைக்குக் கூந்தன்குளம். திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகத் தெற்கே 35 கிலோமீட்டர் சுமாருக்கு. ரயிலில் வந்தால் நாங்குநேரியில் இறங்கலாம். கூந்தன்குளமும் பக்கத்துக் காடன்குளமும் சேர்ந்து 1994-இல் சரணாலயம் ஆனது, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இருக்கிறது. மழை பொய்த்து, மணிமுத்தாற்றுத் தண்ணீரும் வந்து சேராத வருடங்களில் இதே குளம் காய்ந்து கிடக்கும். அதனால் கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பக்கம் தெரிந்த யாருக்காவது போன் போட்டு, "அண்ணாச்சி, குளத்துல தண்ணி கெடக்கா?" என்று கேட்டுவிடுங்கள். இணையத்தில் கிடைக்கும் படம் எந்த வருடத்துப் படமோ.

விஜயநாராயணம் பெரியகுளமும் பெரிய குளம்தான், பறவையும் உண்டு. அங்கே கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் தளம் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். பைனாகுலரையும் நீள லென்ஸையும் அந்தக் கோபுரங்கள் பக்கம் திருப்பினால் வாத்தைப் பற்றி யாரும் உங்களிடம் விசாரிக்க மாட்டார்கள்.

ஆட்கள் நாலு பேர் போதும். அதற்கு மேல் போனால் பேச்சுதான் நடக்கும்.

ரெண்டாம் படி: பழைய பைனாகுலரைத் தயார் செய்வது

துப்பாக்கி இருந்த வீட்டில் பெரும்பாலும் பைனாகுலர் ஒன்றும் இருந்திருக்கும். பரணில் தேடிப் பாருங்கள். கறுப்புப் பெயின்ட் தேய்ந்து பித்தளை எட்டிப் பார்க்கும் ஜெர்மன் ஜைஸ், ‘மேட் இன் யுஎஸ்எஸ்ஆர்’ என்று பொறித்த சோவியத் காலத்து இரும்புக் கனம். நல்ல நிலையில் இருந்தால் இன்றைக்கும் இவை கடையில் விற்கும் மலிவுப் பொருளைத் தோற்கடிக்கும்.

அதன் மேல் 8×30 என்றோ 7×50 என்றோ எழுதியிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்கண்ணாடியின் குறுக்களவு மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். 8×30-க்கு 3.75 வரும், 7×50-க்கு 7-க்கு மேல் வரும். கண்ணுக்குள் வந்து விழும் ஒளிக்கற்றையின் அகலம் அது. விடிவதற்கு முந்தைய அரை இருட்டில் கண்பாவை விரிந்திருக்கும், அப்போது 7×50 எதிர்க்கரைப் புல்லைக்கூடப் பிரித்துக் காட்டும். நல்ல வெயிலில் கண்பாவை ரெண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுவதால் அந்த அகலத்தால் பெரிய லாபம் இல்லை, கழுத்துவலிதான் மிச்சம். பத்து மடங்குக்கு மேல் போகாதீர்கள். கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். பொருட்காட்சிக் கடையில் நூறு மடங்கு காட்டும் என்று விற்பதை வாங்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன.

பழைய பைனாகுலரை எடுத்ததும் செய்ய வேண்டிய சோதனை இது. பெரிய கண்ணாடிப் பக்கமாகக் கண்ணை வைத்து, விளக்கை நோக்கிப் பாருங்கள். உள்ளே நூலாம்படை மாதிரி இழைகள் படர்ந்திருந்தால் பூஞ்சை. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் என்றால் இந்த வாரம் ஓட்டலாம், நடுவில் என்றால் காட்சி பால் ஊற்றிய மாதிரிதான் தெரியும். அடுத்து காதருகே வைத்து மெதுவாக ஆட்டுங்கள். கடகடவென்றால் உள்ளே ஒளியைத் திருப்புகிற கண்ணாடிக் கட்டி, அதாவது பட்டகம், கழன்றிருக்கிறது. மூன்றாவதுதான் முக்கியம். தூரத்தில் படுக்கையாகப் போகும் கரண்டுக் கம்பியைப் பார்த்தபடி, பைனாகுலரைக் கண்ணிலிருந்து நாலைந்து அங்குலம் மெல்ல விலக்குங்கள். ஒரே கம்பி ரெண்டாகப் பிரிந்து ஒன்று மேலே ஒன்று கீழே போனால் இரண்டு குழல்களும் ஒரே கோட்டில் இல்லை. அதில் அரை மணி நேரம் பார்த்தால் தலைவலி நிச்சயம். திருப்புளியை எடுத்து நீங்களே பிரிக்க உட்காராதீர்கள். பட்டகத்தைத் திரும்பப் பழைய இடத்தில் உட்காரவைப்பது கேமரா ரிப்பேர் தெரிந்தவர் வேலை.

எல்லாம் சரி என்றால் உங்கள் கண்ணுக்கு அமைக்க வேண்டும். பலர் இதைச் செய்யாமலேயே "எனக்கு ஒண்ணும் தெரியல" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். முதலில் நடுக் கீலை மடக்கி விரித்து, ரெண்டு வட்டமும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வட்டமாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு வலது முன்கண்ணாடியைக் கையால் மூடிக்கொண்டு, நடுச் சக்கரத்தைத் திருகி, தூரத்திலிருக்கும் ஒரு போர்டு எழுத்தை இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அப்புறம் இடதை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண்குழாயில் இருக்கும் வளையத்தை மட்டும் திருகி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். வளையத்தில் கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால், அடுத்தவன் திருகிவிட்டாலும் திரும்ப அங்கே கொண்டுவந்துவிடலாம். ராணுவத்துப் பழைய மாடல்கள் சிலவற்றில் நடுச் சக்கரமே இருக்காது. ஒவ்வொரு கண்குழாயையும் தனித்தனியாகத் திருக வேண்டும். குளத்தில் எல்லாமே தூரத்தில் இருப்பதால் ஒரு தடவை அமைத்தால் போதும்.

கண்ணாடி போடுகிறவர்கள் கண்குழாயின் ரப்பரை மடக்கிவிட்டுப் பாருங்கள். பழைய மாடலில் ரப்பருக்குப் பதில் கெட்டி வளையம் இருந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பதுதான் சுலபம். கிட்டப்பார்வை, தூரப்பார்வையைச் சக்கரமே சரிக்கட்டிவிடும்.

தூசியை வேட்டி நுனியாலோ சட்டையாலோ துடைக்கவே கூடாது. குளத்தங்கரைத் தூசி மணல். தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். முதலில் ரப்பர் பம்பால் ஊதி, பிறகு மெல்லிய பிரஷ், கடைசியாகத்தான் லென்ஸ் துணி. சூரியனை இதால் பார்க்கக் கூடாது, ஒரு நொடிகூட. கூட வருகிற பிள்ளைகளுக்கும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் படி: சனிக்கிழமை, கை பழகுவது

சாயங்காலம் நாலு மணி வாக்கில் ஊர்க் குளத்துக்குப் போங்கள். இன்றைக்கு ஒரே ஒரு பயிற்சி. வெறுங்கண்ணால் ஒரு பறவையைப் பாருங்கள். கண்ணை அதிலிருந்து எடுக்காமல், தலையை அசைக்காமல், பைனாகுலரை மட்டும் கண்ணுக்கு உயர்த்துங்கள். பறவை வட்டத்துக்குள் நிற்கும். புதியவர்கள் முதலில் பைனாகுலரை வைத்துவிட்டு அப்புறம் பறவையைத் தேடுவார்கள், கிடைக்காது. நிற்கிற நாரையில் பழகி, நீந்துகிற நாமக்கோழிக்கு வந்து, கடைசியில் பறக்கிற நீர்க்காகத்தைப் பிடிக்க முடிந்தால் சனிக்கிழமை வேலை முடிந்தது.

நாமக்கோழியைத் தேடி அலைய வேண்டியதில்லை. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் பளிச்சென்று வெள்ளை நாமம். பறக்கக் கிளம்பும்போது தண்ணீர் மேல் தடதடவென்று ஓடி ஓடித்தான் எழும்பும். பலர் இதை வாத்து என்று எழுதிவிடுவார்கள். வாத்து இல்லை, இது கானாங்கோழி இனம். அலகு கூம்பாக இருக்கும், தட்டையாக இருக்காது. இன்னொரு குழப்பமும் வரும். அறுப்பு முடிந்த வயல்களில் நூற்றுக்கணக்கில் வளர்ப்புத் தாரா மேயும். கையில் நீளக் கம்போடு ஒருவர் பின்னால் நடந்துவந்தால் அது வலசைக் கூட்டம் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

ராத்திரி சீக்கிரம் படுங்கள். யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தும் சொல்கிறேன்.

நாலாம் படி: ஞாயிற்றுக்கிழமை, உட்காரும் இடம்

ஜனவரியில் நம் பக்கம் சூரியன் உதிக்க ஆறரை தாண்டிவிடும். ஆறு மணிக்கு முன்னால் நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். காரணம், ஊசிவால் வாத்து, நீலச்சிறகு வாத்து, சீழ்க்கைச் சிறகி எல்லாம் ராத்திரி வயலிலும் சின்னக் குட்டைகளிலும் மேய்ந்துவிட்டு, விடியும் நேரம் பெரிய குளத்துக்குத் திரும்பும். பகல் முழுவதும் நடுத்தண்ணீரில் தலையை முதுகில் செருகித் தூங்கும். ஒன்பது மணிக்கு வந்து "வாத்து சும்மா மிதக்குது, வேற ஒண்ணும் பண்ணல" என்கிறவர்கள் அவற்றின் தூக்க நேரத்துக்கு வந்தவர்கள். வேட்டைக்காரர்கள் விடியலிலும் அந்தியிலும் மட்டும் காத்துக் கிடந்தது இதனால்தான்.

எந்தக் கரை? இங்கேதான் தாத்தாவின் பாடம். மேற்கே மலை, கிழக்கே கடல் என்று நம் நிலம் சரிவதால், பெரும்பாலான குளங்களுக்குக் கிழக்குப் பக்கம்தான் உயர்ந்த கரை. மேற்குப் பக்கம் நீர்ப்பிடி, சரிந்து சரிந்து சேறாக முடியும். காலையில் கிழக்குக் கரையில் உட்கார்ந்தால் சூரியன் முதுகுப் பக்கம், வெளிச்சம் பறவை மேல். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் எல்லா வாத்தும் கறுப்பு வாத்துதான். சாயங்காலத்துக்கு இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து காற்று. வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், எதிர்த்துத்தான் எழும்பும். தை மாதத்தில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். அப்படியானால் கூட்டம் தென்மேற்கிலிருந்து வந்து வடகிழக்கைப் பார்த்து இறங்கும். நீங்கள் கரையின் வடகிழக்கு மூலையில் இருந்தால் காற்றும் முதுகில், சூரியனும் முதுகில், பறவை உங்கள் முகத்தைப் பார்த்து இறங்குகிறது. பத்து மைல் சுற்றினாலும் கிடைக்காத காட்சி இந்த ஒரு மூலையில் கிடைக்கும். காற்று மாறியிருந்தால் ஒரு பிடி தூசியை விட்டுப் பார்த்து இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். சரணாலயத்தில் மட்டும் வனத்துறை அனுமதிக்கும் இடத்துக்குள்தான் இந்தத் தேர்வெல்லாம். அங்கே பார்வைக் கோபுரமும் உண்டு.

சட்டை மண் நிறமாகவோ மங்கிய பச்சையாகவோ இருக்கட்டும். வெள்ளை வேட்டியும் ஆரஞ்சு டீ ஷர்ட்டும் வேண்டாம். கரை உச்சியில் நின்றால் வானத்தை ஒட்டி உங்கள் உருவம் தெரியும், அதனால் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, உடைமரத்து நிழலில், முதுகை மரத்துக்குக் கொடுத்து உட்காருங்கள். உட்காருமுன் டார்ச் அடித்துத் தரையைப் பாருங்கள். குளத்தங்கரைப் பொந்துகளில் கண்ணாடிவிரியன் இருக்கும். உடைமுள் ஹவாய் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும் என்பதால் அடிக்கனமான ஷூ போடுங்கள். போனை சைலன்ட்டில் போட்டு, திரை வெளிச்சம் முகத்தில் படாமல் உள்ளே வைத்துவிடுங்கள்.

கூட்டம் உங்களைப் பார்த்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. நிம்மதியாக இருக்கும் வாத்தின் கழுத்து சுருங்கியிருக்கும். நாலைந்து தலைகள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தால் முதல் எச்சரிக்கை, அப்படியே உறைந்துவிடுங்கள். கூட்டம் மெல்ல நீந்தி விலகத் தொடங்கினால் நீங்கள் கூடுதல் பக்கத்தில் இருக்கிறீர்கள், பின்வாங்குங்கள். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த பறவையை ஒரு போட்டோவுக்காகக் கிளப்பிவிடுவது அநியாயம். டிரோன் பேச்சே வேண்டாம். போனில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடுகிற வழக்கமும் வேண்டாம்.

ஐந்தாம் படி: ஒரு பறவையை முழுசாகப் பார்ப்பது

பெயர் தெரியவில்லையே என்று கவலைப்படாதீர்கள். முதலில் அலகைப் பாருங்கள், அப்புறம் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். நீர்ப்பறவையில் இந்த ரெண்டும் பாதிப் பெயரைச் சொல்லிவிடும். மண்வெட்டி அலகோடு, தலையைத் தண்ணீரோடு ஒட்ட வைத்து, நாலைந்தாகச் சேர்ந்து செக்குமாடு போல வட்டம் சுற்றினால் அது தட்டைவாயன். சுற்றுகிற சுற்றில் கலங்கி மேலே வருவதை அலகோரச் சல்லடையில் வடிகட்டித் தின்கிறது. மெலிந்த நீளக் கழுத்து, ஊசியாக நீண்ட வால் என்றால் ஊசிவால் வாத்தில் ஆண். வெளிநாட்டு வாத்துகளில் ஆணை வைத்து இனத்தைக் கண்டுபிடித்து, பக்கத்தில் நிற்கும் பழுப்புப் பெட்டையை அதோடு சேர்த்துக்கொள்வதுதான் ஆரம்பத்துக்குச் சுலபம். அலகு நுனியில் மஞ்சள் பொட்டு இருந்தால் புள்ளிமூக்கு வாத்து, இது வருடம் முழுவதும் நம்மூர்க்காரன்.

கூந்தன்குளத்தில் நீங்கள் தேட வேண்டியது வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையின் பின்பக்கம் ரெண்டு கறுப்புப் பட்டை. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருவது. தண்ணீரைவிட ஓரத்துப் புல்தரையில்தான் அதிகம் இருக்கும், புல் மேயும். மங்கோலியாவில் ஆராய்ச்சியாளர்கள் சிலவற்றுக்குக் கழுத்தில் வண்ணப் பட்டை மாட்டி எழுத்தும் எண்ணும் போட்டு விடுவது வழக்கம். அப்படி ஒன்று தென்பட்டால் பட்டையின் நிறத்தையும் எழுத்தையும் உடனே எழுதுங்கள். வனத்துறையிடமோ பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறவர்களிடமோ சொன்னால் அந்தப் பறவையின் பயணத்தில் உங்கள் பார்வையும் ஒரு புள்ளியாகப் பதிவாகும்.

சரி, இப்போது மஞ்சள்மூக்கு நாரை ஒன்றைப் பிடித்துவைத்துக்கொண்டு இருபது நிமிடம் அதை மட்டும் பாருங்கள். முழங்காலளவு தண்ணீரில் நிற்கும். அலகைக் கொஞ்சம் திறந்து, பாதி முழுகவிட்டு, இடமும் வலமுமாகத் துழாவும். கண்ணால் மீனைத் தேடுவதே இல்லை. ஒற்றைக் காலால் சேற்றைக் கிளறும், ஒரு பக்கச் சிறகைச் சட்டென்று விரித்து மடக்கும். மிரண்ட மீன் அலகில் இடித்த கணம் அலகு மூடும். தலையை நிமிர்த்தி ஒரு ஆட்டு, தொண்டையில் ஒரு வீக்கம் இறங்கும், திரும்பவும் துழாவல். கலங்கிய தண்ணீரில் இவ்வளவு நிச்சயமாக மீன் பிடிப்பது எப்படி என்பது இதைப் பார்த்த பிறகுதான் புரியும். பக்கத்தில் நத்தைக்குத்தி நாரை நின்றால் அதன் அலகையும் பாருங்கள். நடுவில் மூடாத இடைவெளி. நத்தையைக் கையாளுவதற்கு அமைந்த அலகு.

ஆறாம் படி: எண்ணுவது

ஆயிரம் வாத்து மிதக்கும்போது ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாது. முதலில் பத்து வாத்தை ஒழுங்காக எண்ணி, அது வட்டத்தில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்று மனதில் வாங்குங்கள். அதே அளவில் ஐந்து துண்டு சேர்த்தால் ஐம்பது. அந்த ஐம்பதை அளவுகோலாக வைத்து, கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்திக்கொண்டே போங்கள். நாலு பேரும் தனித்தனியாக எண்ணி, எழுதி முடித்த பிறகுதான் காட்ட வேண்டும். முதலில் சத்தமாகச் சொல்கிறவனின் எண்ணுக்கே மற்ற மூன்று பேரும் இழுபடுவார்கள். கூட்டம் பறந்துவிட்டால் எண்ணுவதை விட்டுவிடுங்கள், சுற்றி வந்து இறங்கியதும் புதிதாகத் தொடங்குங்கள்.

நோட்டில் தேதி, நேரம், குளத்தின் பெயர், தண்ணீர் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் என்பதையும் எழுதுங்கள். அடுத்த வருடம் இடம் பார்க்கும்போது பறவைப் பட்டியலைவிட இந்த வரிதான் உதவும்.

ஊருக்குள்

எட்டரை, ஒன்பதுக்கு வெயில் ஏறியதும் எழுந்து ஊருக்குள் நடங்கள். கூந்தன்குளத்தின் விசேஷம் குளத்தில் பாதி, தெருவில் பாதி. தை, மாசி தொடங்கி நாரைகள் ஊர் மரங்களிலேயே கூடு கட்டும். வாசல் மரத்தில் கூடு, கீழே ஆள் நடமாட்டம், இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்ற நம்பிக்கையில் இங்கே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எச்சம் விழுந்து ஊறிய குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதும் அவர்கள் கணக்கில் உண்டு. வெயில் உச்சிக்கு வந்ததும் தாய்ப்பறவை சிறகை அரைகுறையாக விரித்துக் குஞ்சுகளுக்குக் குடையாக நிற்கும். அதைத் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள், மரத்தடிக்குப் போக வேண்டாம். நீங்கள் நிற்பதால் தாய் எழும்பினால் குஞ்சு வெயிலில் காயும். தலையில் விழுவது வேறு விஷயம்.

வாசலில் யாராவது உட்கார்ந்திருந்தால் பேச்சுக் கொடுங்கள். "ஆச்சி, இந்த வருசம் கூழைக்கடா வந்துச்சா?" என்று கேட்டால் போதும். முதல் கூட்டம் எப்போது இறங்கியது, எந்த மரத்தில் எத்தனை கூடு, போன வருடத்துக்கு இந்த வருடம் என்ன குறைவு என்று அரை மணி நேரம் கிடைக்கும். நோட்டை அப்போதும் திறந்து வைத்திருங்கள். வீட்டு முற்றத்தையும் ஆட்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

சாப்பாடு

காலைக்குக் கட்டுச்சோறு: புளியோதரை, தேங்காய்த் துவையல், பிளாஸ்க்கில் கருப்பட்டிக் காப்பி. வறுத்த பொரித்த பாக்கெட்டுகள் வேண்டாம். உறை சத்தம் விடியல் அமைதியில் எதிர்க்கரை வரை கேட்கும், காலிப் பாக்கெட் கடைசியில் குளத்தில்தான் மிதக்கும்.

மத்தியானத்துக்குப் பக்கத்தில் கூட்டாளி வீடு இருந்தால் கூட்டாஞ்சோறு போடச் சொல்லுங்கள். நாலு பேரும் வேலை செய்கிற மாதிரியான சமையல் அது. ஒருவர் கத்தரி, வாழைக்காய், முருங்கைக்காய் நறுக்க, ஒருவர் சின்ன வெங்காயம் உரிக்க, ஒருவர் தேங்காய், சீரகம், வத்தல் அரைக்க, அரிசியும் துவரம்பருப்பும் ஒரே பானையில் குழைய வேகும்போது எல்லாம் உள்ளே போகும். புளித்தண்ணீர், ஒரு கை முருங்கைக்கீரை, மேலே வடகம் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தால், நாலரைக்குத் திரும்பக் குளம். இந்தத் தடவை மேற்குப் பக்கம். வாத்துகள் வயலுக்குக் கிளம்புவது இருட்டுகிற கடைசிப் பத்து நிமிடத்தில்தான், அதனால் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு "போவமா, போவமா" என்று நச்சரிக்கிறவனிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

பைனாகுலரை அதன் தோல் பெட்டியில் அப்படியே போட்டு மூடிவிடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பூஞ்சை அங்கிருந்துதான் தொடங்கும். ஒரு ராத்திரி மின்விசிறிக் காற்றில் திறந்து வைத்துவிட்டு, இறுக்கமாக மூடுகிற எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். தோல் பெட்டியை அலமாரியில் அழகுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நோட்டில் இருப்பதை, பார்த்த பறவைகளைப் பதிந்து வைக்கிற இபேர்ட் செயலியில் அன்றைக்கே ஏற்றிவிடுங்கள், தள்ளிப் போட்டால் எழுதியதே புரியாது. எண்ணுவதில் ருசி பிடித்துவிட்டால் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது. 2011 முதல் நடக்கிறது. மணிமுத்தாறிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து நடத்துகிறது. ஜனவரியில், பொங்கலை ஒட்டி, தன்னார்வலர்களைக் குழு குழுவாகப் பிரித்துத் தாமிரபரணிப் பாசனக் குளங்களுக்கு அனுப்புவார்கள். அனுபவம் உள்ளவர் ஒருவர் குழுவில் இருப்பார், புதியவர்கள் எண்ணவும் எழுதவும் கூடப் போகலாம். மார்கழியிலேயே அறிவிப்பு வருகிறதா என்று கவனித்துப் பெயரைக் கொடுத்து வையுங்கள். நாலு பேரையும் ஒரே குழுவில் போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், நடந்தாலும் நடக்கும்.